ஏணி பிடிக்க ஆள் இல்லாத மலை

"சுக்தேவ்."

செக்ரோலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். காப்பி காய வைக்கும் சிமெண்டுக் களத்தில் தராசை நிறுத்தி, அன்றைக்குப் பறித்த மிளகை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மலையில் அந்த மாதத்தில் வெயில் சீக்கிரமே விடைபெற்றுவிடும். பள்ளத்திலிருந்து பனி ஏறி வர ஆரம்பித்திருந்தது. சாக்குகளிலிருந்து பச்சை மிளகின் காரவாசம் மூக்கில் ஏறியது.

செக்ரோல் என்பது அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த அத்தனை வருஷமும் இந்த வேலையை ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை.

அன்று பதிவில் இருந்தது பன்னிரண்டு பெயர். பன்னிரண்டு பேரும் பீகாரிலிருந்து வந்தவர்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பொங்கல் லீவு.

மறுபடியும் கூப்பிட்டேன். வரிசையில் நின்றிருந்த ஃபுல்மதி, அவன் மனைவி, தன் சாக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடைப் பக்கம் போகும் பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த காளியம்மாள்தான் கேட்டாள்.

"ஏனுங்க ரைட்டரு, அந்தத் தம்பிய எங்க அனுப்புனீங்க?"

"கீழ ஓடைக் காட்டுக்கு."

"ஒருத்தனாவா?"

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினேன்.

ஒரு வாசகரின் கடிதம்

இந்தத் தொடரில் முன்பு எங்கள் லைன் வீடுகள் காலியானதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. நீங்கள் ஆளே இல்லை என்கிறீர்களே?"

அவர் சொல்வதும் சரி, நான் சொன்னதும் சரி. ஏரிக்கரையில் படகுக்கு வரிசை நிற்கும். பஜ்ஜிக் கடையில் தோளோடு தோள் இடிக்கும். அங்கிருந்து கரடியூர் போகும் பாதையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே இறங்கினால் எங்கள் எஸ்டேட். அங்கே நின்று கூப்பிட்டால் உங்கள் குரலைத் தவிர வேறு குரல் கேட்காது.

எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் ஒரு இந்தியப் படம் இருந்தது. இத்தனை ஆளுக்கு ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து நாடு முழுக்கப் புள்ளி குத்தியிருப்பார்கள். கங்கைக் கரையில் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கறுத்துக் கிடக்கும். எங்கள் சேர்வராயன் மலை இருக்கும் இடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் இப்படி என்று ஆசிரியர் காரணம் சொன்னார். மழை, மண், சமதளம், ஆறு, பிழைப்பு. பரீட்சையில் ஐந்தையும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்தக் காரணங்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆட்களும் அவற்றின் பின்னாலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை.

என் பாட்டனாரின் அப்பா இந்த மலைக்காரர் அல்ல. கீழ்நாட்டில், மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்தவர். மலை என்றால் விஷக் காய்ச்சல் என்று கீழே இருந்தவர்கள் பயந்த காலம் அது. மூன்று வருஷம் மழை பொய்த்தபோது, காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க ஒரு கங்காணி ஊருக்கு வந்தாராம். ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தாராம். காய்ச்சலுக்குப் பயந்தவர்கள் பசிக்குப் பயந்து மலை ஏறினார்கள். இப்படித்தான் லைன் வீடுகள் நிறைந்தன.

நிறைந்த மாதிரியே காலியும் ஆயின. லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். பிறந்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அதே அறையில்தான் என்றாலும், வேலையிலிருந்து நின்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மலை எங்களுக்கு வேலை தந்தது, ஒரு முழம் மண் தரவில்லை. மண் இல்லாத இடத்தில் யார் வேர் விடுவார்கள்? விவரம் தெரிந்த பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள். பனியன் கம்பெனியில் நிழலில் நின்று செய்கிற வேலை. அட்டைக் கடி இல்லை, பனி இல்லை.

எங்கள் லைனில் இருபது வீடு. நான் சொல்லும் வருஷத்தில் நாலு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. அதில் ஒன்று காளியம்மாளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மகள்கள், ஒரு மகன், மூன்று பேரும் திருப்பூர். சித்திரை கழிந்து சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். அந்த இரண்டு மூன்று நாள் மலை பழைய மலையாக இருக்கும். பிறகு பஸ் ஏறிவிடுவார்கள். பஸ் போன பிறகு காளியம்மாள் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டாள்.

ஆள் இருக்கிற இடம்

பெருந்தொற்று அடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கார்த்திகையில் காப்பிப் பழம் நன்றாகப் பிடித்திருந்தது. பறிக்க ஆளில்லை. கறுத்துப் போன பழங்கள் செடிக்கடியில் உதிர்ந்து கிடந்தன. நடந்தால் செருப்பில் நசுங்கி, புளித்த கள் மாதிரி நாறின.

முதலாளி வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலைக்கூட உயர்த்தாமல் பேசுபவர்.

"இங்க ஆள் இல்லைன்னா ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்க, ரைட்டர்."

போனேன். சேலத்தில் ரயில் ஏறி, வழியில் இன்னொரு ரயில் மாறி, மூன்றாம் நாள் காலையில் பீகாரில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். சுரேந்தர் என்பவன் வந்து அழைத்துக்கொண்டான். முன்பு எங்கள் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஆள் கொண்டுவந்தவன். திருப்பூரில் ஆறு வருஷம் பனியன் மடித்தவன்.

"வாங்கண்ணா. நொம்ப தூரமுங்களா?" என்றான்.

கங்கைக் கரைப் பக்கம் ஒரு மனிதன் கொங்குத் தமிழில் நலம் விசாரித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஊரைப் பார்த்தபோதுதான் எட்டாம் வகுப்புப் படம் எனக்குப் புரிந்தது. ஆற்றுச் சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடும் இல்லை, பாறையும் இல்லை. காலில் ஒட்டுகிற வண்டல் மண். வீட்டுச் சுவரோடு அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தது. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எங்கே திரும்பினாலும் பேச்சுச் சத்தம், இருமல், குழந்தை அழுகை, அம்மி அரைக்கும் ஓசை. நான் முகம் கழுவியதைச் சுற்றி நின்று இருபது பேர் பார்த்தார்கள்.

"இவ்வளவு ஜனம் எப்படி சுரேந்தர் ஒரே இடத்துல?"

"பூமி நல்லதுங்கண்ணா. வெதைச்சா வெளையும். அதனாலதான் எல்லாரும் வந்து உக்காந்தாங்க. எந்திரிக்கவே இல்ல. இப்ப ஆளுக்கு எவ்வளவு இருக்குதுன்னு வாங்க, காட்டறேன்."

சுக்தேவின் அப்பாவுடைய நிலத்துக்குக் கூட்டிப் போனான். மூன்று தலைமுறையாகப் பிரித்துப் பிரித்து, அவர் பங்கு ஒரு கீற்றாக நின்றது. இந்த வரப்பில் ஒரு கால், அந்த வரப்பில் ஒரு கால் வைத்து நிற்கலாம் போலிருந்தது. அதை இன்னும் இரண்டு மகன்களுக்குப் பிரிக்க வேண்டும்.

பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் சுக்தேவும் மருமகள் ஃபுல்மதியும் வருவதாக ஏற்பாடு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் அந்த ஊரில் ஒரு தனி அறை கிடையாது.

"மாசி பொறந்ததும் ரெண்டு பேரையும் நானே சேலத்துல ஊருக்கு ரயில் ஏத்தி விடறேன்னு சொல்லு" என்று சுரேந்தரிடம் சொன்னேன். அவன் சொன்னான். பெரியவர் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

என் பாட்டனாரின் அப்பாவுக்குக் கம்பளி கொடுத்த கங்காணியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று திரும்பி வரும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சத்தமில்லாத வீடு

பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வீடு வேண்டுமானாலும் தந்திருக்கலாம், அவ்வளவு வீடு பூட்டிக் கிடந்தது. பத்துப் பேர் மூன்றே வீட்டில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். சுக்தேவுக்கும் ஃபுல்மதிக்கும் மட்டும் காளியம்மாள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டைத் திறந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர்களுக்கென்று ஒரு கதவு.

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துக் காளியம்மாள் என்னிடம் வந்தாள்.

"அந்தப் புள்ள தூங்கறதே இல்லீங்க. விளக்க அணைச்சா எந்திரிச்சு எங்க ஊட்டுச் செவுத்தைத் தட்டிப் பாக்குது."

"எதுக்கு?"

"ஆளு இருக்குதான்னு பாக்குதுங்க. நானும் இந்தப் பக்கம் இருந்து ஒரு தட்டுத் தட்டறேன். அப்புறம் படுத்துக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து ஒரு மனிதக் குரலாவது கேட்காமல் ஒரு மணி நேரம் இருந்ததில்லை. எங்கள் மலையின் அமைதிக்காகச் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவளுக்கு அந்த அமைதி, எல்லாரும் செத்துப்போன ஊர் மாதிரி இருந்திருக்கிறது.

காளியம்மாளுக்கு இந்தி தெரியாது. ஃபுல்மதிக்குத் தமிழ் தெரியாது. ஒருத்தி ரசம் வைத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிடுவாள். "கண்ணு" என்று காளியம்மாள் கூப்பிட்டதை, அதுதான் தமிழில் தனக்குப் பெயர் என்று அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுக்தேவ் பேச்சுக் குறைந்தவன். மரம் ஏறுவதில் கெட்டிக்காரனாகிவிட்டான். ஆற்றுச் சமவெளியில் பிறந்தவன் ஒன்றரை மாதத்திலேயே சில்வர் ஓக் மரத்தில் கொடி படர்ந்த உயரம் வரை ஏறி மிளகு பறித்தான்.

இரண்டு விரல்

இதுவரை நான் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

மிளகு பறிக்கும் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் கட்டை செருகியிருக்கும். மரத்தில் சாய்த்து ஒருவன் ஏறினால், கீழே ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டும். சரிவான மலையில், பனியில் நனைந்த மண்ணில், பிடிக்கிற ஆள் இல்லாமல் ஏற விடக்கூடாது. இது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு பேர். பறிக்க வேண்டிய காடு நாலு. பொங்கல் முடிந்ததும் முதலாளி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ரைட்டர் வேலை என்பதே காலையில் ஆளை மலைமேல் பரத்தி விடுவதுதான். இங்கே நாலு, அங்கே மூன்று, அந்தப் பள்ளத்துக்கு இரண்டு. அன்று மற்ற மூன்று பெரிய காட்டுக்கும் நாலு, நாலு, மூன்று என்று போட்டதும் ஓடைக் காட்டுக்கு ஒருவன்தான் மிஞ்சினான்.

சுக்தேவிடம் ஏணியைக் கொடுத்தேன். அவன் ஏணியைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு ஆள் வேண்டும் என்கிறான்.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

அவன் சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கிப் போனான். கையில் தண்ணீர்த் தூக்கு ஆடிக்கொண்டே போனது.

ஓடைக் காடு

அந்தச் சாயங்காலம் நானும் இன்னும் ஐந்தாறு பேரும் பாதையில் ஓடினோம். ஃபுல்மதி எங்களுக்கு முன்னால் ஓடினாள். அவள் செருப்பு இரண்டும் பாதையிலேயே கிடந்தன.

மரத்தடியில் கிடந்தான். உயிர் இருந்தது. ஏணி சரிந்து காப்பிச் செடிமேல் விழுந்திருந்தது. பறித்த மிளகுக் கொத்துகள் சிதறியிருந்தன. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. விழுந்த இடத்திலிருந்து பாதைப் பக்கமாகக் கையை ஊன்றி ஊன்றி இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்திருக்கிறான். சருகில் அந்தத் தடம் தெரிந்தது.

கூப்பிட்டிருக்கிறான். குரல் முழுக்கப் போயிருந்தது. உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. குரல் போன பிறகு அந்தத் தூக்கைக் கல்லால் தட்டியிருக்கிறான். தூக்கு ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது.

பகலில் டங் டங் என்று எங்கோ கேட்டதாகக் காளியம்மாள் பின்னால் சொன்னாள். "மாட்டு மணின்னு நெனைச்சுட்டனுங்க" என்றாள். இன்றைக்கும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். அவள்மேல் என்ன தப்பு? லீவு நாளில், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள்.

உச்சி வெயிலில் விழுந்திருக்க வேண்டும். நாலு மணி நேரம்.

கம்பளியில் கிடத்தித் தூக்கினோம். சரிவில் ஏற எட்டுப் பேராவது வேண்டும். பாதி வழியில் கை மாற்ற ஆளில்லை. இரண்டு தடவை கீழே இறக்கி வைத்தோம். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் அவன் முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் நான் கம்பளியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவுகள்

ரோட்டு முக்கில் பஷீர் பாயின் மளிகைக் கடை. சேலத்திலிருந்து அவர் அப்பா வந்து தொடங்கியது. காணும் பொங்கலில் அவருக்கு வருஷத்துக்கே பெரிய வியாபாரம். கடை முன்னால் வெளியூர்க்காரர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கூட்டத்தை ஒதுக்கி ஷட்டரை இழுத்துவிட்டு, சாமான் ஏற்றும் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தாமதிக்காமல் சேலம் கொண்டு போங்கள் என்றார்கள். இருந்த ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு முன்பே இறங்கியிருந்தது. அது திரும்பி மேலே வர முடியாமல் எங்கோ நெரிசலில் நின்றது. பாய் வேனிலேயே கிளம்பினோம்.

மலை முழுக்கக் கார். காலையில் ஏறிய ஜனம் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் ஒன்றின் வாலில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மதியம் முழுக்க ஒருவன் கூப்பிட்டு ஒரு காது கிடைக்காத அதே மலையில், இப்போது இறங்கி நிற்க இடமில்லை.

நான் வேனிலிருந்து குதித்து முன்னால் ஓடினேன். "வழி விடுங்க, ஆளு அடிபட்டுக் கெடக்கறாரு" என்று ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன். யாரும் மறுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒரு இளைஞன் பைக்கை நிறுத்திவிட்டு என்னோடு ஓடிவந்து கத்தினான். ஆனால் ஒதுங்க இடம் வேண்டாமா? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

பதினொன்று என்று எழுதியிருந்த வளைவில் வேன் வெகுநேரம் நின்றது. நான் திரும்பி வந்து பின்கதவைத் திறந்தபோது சுக்தேவின் தலை ஃபுல்மதியின் மடியில் இருந்தது. அவள் முந்தானையால் அவன் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பஷீர் பாய் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "அடிவாரம் இன்னும் எவ்வளவு தூரம்ங்க ரைட்டர்?" என்று கேட்டார். அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போய் வந்தவர் அவர். நான் பின்கதவைச் சாத்தினேன். அவரும் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

காது கேட்காத ஊரா?

விசாரணை நடந்தது. முதலாளி செய்ய வேண்டியதைச் செய்தார். சேலத்திலேயே தகனம் முடிந்தது. அஸ்தியை எடுத்துக்கொண்டு ஃபுல்மதியோடு நானும் ரயில் ஏறினேன். மாசி இன்னும் பிறக்கவில்லை.

ரயிலில் அவள் நான் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்து ஜனத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஊருக்குள் வண்டி நுழைந்ததும் யாரும் கூப்பிடாமலே சந்து நிறைந்துவிட்டது. எத்தனை கைகள் என்று தெரியாது, அவளை இறக்கி அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போயின.

பெரியவர் அதே கயிற்றுக் கட்டிலில் இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுரேந்தர் எங்கள் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"உழுந்தப்ப கிட்ட யாரு இருந்தாங்கன்னு கேக்கறாருங்கண்ணா."

"யாரும் இல்லைன்னு சொல்லு."

சுரேந்தர் தயங்கினான். "அப்படிச் சொன்னா அவருக்குப் புரியாதுங்கண்ணா. அவரு பாத்த எடத்துல அப்படி ஒண்ணு நடக்காதுங்க."

"பரவாயில்ல. சொல்லு."

சொன்னான். பெரியவர் ஏதோ கேட்டார். சுரேந்தர் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

"கத்தி இருப்பானேங்கறாரு. அந்த ஊர்க்காரங்களுக்குக் காது கேக்காதான்னு கேக்கறாருங்க."

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நாலு மணி நேரம் ஒரு மனிதன் கத்தியும் ஒருவர்கூட வராத இடம் பூமியில் இருக்கும் என்பது அவருக்கு எட்டவில்லை. அவர் கண்ணெதிரே, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்கூட, முற்றத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

சுக்தேவ் இரண்டு விரல் காட்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

கிளம்பும்போது பெரியவர் எழுந்து வந்து, சுவரோரம் நின்ற இளைய மகனின் கையைப் பிடித்து என் பக்கம் நகர்த்தினார். அவனுக்கும் மனைவி உண்டு, ஒரு கைக்குழந்தை உண்டு.

"வர்ற வருசம் இவனைக் கூட்டிட்டுப் போங்கங்கறாருங்கண்ணா."

"வேண்டாம்னு சொல்லு சுரேந்தர்."

சுரேந்தர் சொன்னான். பெரியவர் திருப்பிக் கேட்ட கேள்விக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கையை விரித்துச் சுற்றிக் காட்டினார். ஒட்டிய சுவர்கள், முற்றத்து ஜனம், அப்பால் கீற்றுக் கீற்றாகக் கிடந்த நிலம்.

"பின்ன எங்கதான் போவான்னு கேக்கறாருங்க" என்றான் சுரேந்தர்.

போன மாதம்

அந்த வருஷமே வேலையை விட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கினேன். இப்போது அடிவாரம் தாண்டி, சேலம் போகும் வழியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த இளைய மகன் எங்கோ கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சுரேந்தர் போனில் சொன்னான். எந்த ஊர் என்று அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக எஸ்டேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து லைன் பக்கம் நடந்தேன். காளியம்மாள் வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஃபுல்மதி.

"வாங்க ரைட்டரு" என்றாள். தமிழில்.

வாசலருகே போனேன். "எப்ப வந்தே கண்ணு?"

"வருசம் ஒண்ணு ஆச்சுங்க. வேற ஆளுங்க கூட வந்தேன்."

"ஊர்ல இருக்கலையா?"

முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை ஒதுக்கினாள். "அவரு பங்கு நெலம் அவரு தம்பிக்குப் போயிடுச்சுங்க. ஊட்டுல படுக்க எடமில்லீங்க. சின்னவரு பொண்டாட்டி, புள்ள, மாமன், மாமியா. நான் எங்க படுக்கறது?"

"இங்க பயமா இல்லையா?"

"இருக்குதுங்க" என்றாள். "அக்கா இருக்கறாங்க."

உள்ளே காளியம்மாள் இருமுவது கேட்டது. அடுத்த வருஷம் பறிப்பு முடிந்ததும் அவளும் வேலையிலிருந்து நின்று சாவியைக் கொடுக்க வேண்டியவள். அதற்கப்புறம் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ரயிலில் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் இவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அதையும் சொல்லவில்லை.

"நீங்க இப்ப எங்கங்க இருக்கறீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"கீழ. மக ஊட்டுல."

"அங்க எடம் இருக்குதுங்களா?"

மகள் வீட்டில் இரண்டே அறை. பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லாரும் டிவியை அணைத்த பிறகுதான் நான் கூடத்தில் பாயை விரிக்க முடியும்.

"இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.